பெயர்ப்பலகைக்குக் கீழே இருக்கும் நிலம்

வ. புதுப்பட்டியிலிருந்தோ ராஜபாளையத்திலிருந்தோ வெளிநாட்டு வேலைக்குப் போகிற நம் பிள்ளைகளை வழியனுப்ப வேன் பிடித்து மதுரை விமான நிலையம் போயிருக்கிறோம். வாசலில் காத்து நிற்கும்போது பேச்சு எப்படியும் பெயருக்கு வந்துவிடும். இம்மானுவேல் சேகரன் பெயரா, முத்துராமலிங்கத் தேவர் பெயரா? பல ஆண்டுச் சண்டை இது, தேர்தல் நெருங்கினால் சூடு கூடும். நாமும் சுவரொட்டி ஒட்டியிருக்கிறோம், முழக்கம் போட்டிருக்கிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இராணுவத்தில் பணியாற்றி, ஊருக்குத் திரும்பித் தீண்டாமையை எதிர்த்து, 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டவருடைய பெயரைக் கேட்பது நியாயம்தான். ஆனால் அந்த நிலையத்தை ஒட்டியே சின்ன உடைப்பு என்ற ஊர் இருக்கிறது. பெயருக்காகக் கூடியவர்களில் எத்தனை பேர் அந்த ஊருக்குள் போயிருக்கிறோம்?

இந்த ஓடுதளத்தின் கதை 1942இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்தது. பிரிட்டிஷ் விமானப்படை தெற்கில் அவசரமாக ஓடுதளம் தேடியது. மதுரை மட்டுமல்ல, கயத்தாறு, செட்டிநாடு, சோழவரம், உளுந்தூர்பேட்டை எல்லாம் அந்தப் போர்க்காலத்து ஓடுதளங்கள்தான். போர்க்காலத்தில் நிலத்தைக் கையகப்படுத்த இந்தியப் பாதுகாப்பு விதிகள் இருந்தன, மற்ற காலத்துக்கு 1894 நிலமெடுப்புச் சட்டம். அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு நிலத்தில் உரிமை உள்ளவர் மட்டுமே தெரிவார். அதே மண்ணில் கூலிக்கு நாற்று நட்டவளும் களை எடுத்தவளும் தெரியமாட்டார்கள். 2013 வரை நாட்டை ஆண்டது இந்தச் சட்டம்.

2010இல் மதுரையில் புதிய முனையம் திறந்தார்கள். பிறகு 7,500 அடி ஓடுதளத்தை 12,500 அடியாக நீட்டும் திட்டம் வந்தது. அதற்கு 600 ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். 2024 நவம்பரில் அதிகாரிகளும் போலீசும் சின்ன உடைப்புக்கு வந்தார்கள். ஊரில் பெரும்பாலோர் தேவேந்திரகுல வேளாளர்கள். மாநகராட்சி எல்லைக்குள்ளேயே மனையும் வீடும் கொடுத்துவிட்டு எங்களை எடுங்கள் என்றார்கள். விமான நிலையமே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. வழக்கு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது.

பெயர் கிடைத்த இடங்களின் கதையையும் பார்ப்போம். நாக்பூர் விமான நிலையத்துக்கு டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் பெயர். 1949 முதல் நாட்டின் நான்கு மூலையிலிருந்தும் இரவுத் தபால் விமானங்கள் வந்து பை மாற்றிக்கொண்ட இடம் அது. தீட்சை நடந்த அதே ஊர். அந்தப் பெயரைப் பார்த்தால் நமக்குப் பெருமைதான். ஆனால் அந்த நிலையத்தை ஒட்டிய மிகான் திட்டத்துக்கு நிலம் இழந்த சிவன்காவ் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. உத்தரப் பிரதேசத்தில் 2021இல் குஷிநகர், புத்தர் பரிநிர்வாணம் அடைந்த ஊர், பன்னாட்டு விமான நிலையம் பெற்றது. 2023 டிசம்பர் 30 அன்று திறந்த அயோத்தி நிலையத்துக்கு மகரிஷி வால்மீகி பெயர். வடக்கே சாக்கடை அள்ளத் தள்ளப்பட்ட ஒரு சமூகம் தன் பெயராகவே வைத்துக்கொண்ட பெயர் அது. பலகையில் பெயர் ஏறிவிட்டது, துடைப்பம் யார் கையில் இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள்.

இனி சட்டத்துக்கு வருவோம், மாணவத் தோழர்கள் இதைத்தான் ஊன்றிப் படிக்க வேண்டும். 2013 நிலமெடுப்புச் சட்டம் ஒரு பெரிய காரியம் செய்தது. நிலம் எடுக்கப்படுவதற்கு முந்தைய மூன்றாண்டுகள் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயக் கூலியையும் குத்தகைக்காரரையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்று ஏற்றது. இழப்பீட்டையும் மறுவாழ்வுக்கான தொகையையும் கொடுத்த பிறகுதான் நிலத்தைக் கையில் எடுக்கலாம் என்கிறது 38ஆம் பிரிவு. தமிழ்நாடு அரசு உடனே 105அ என்ற பிரிவைச் சேர்த்து மூன்று மாநிலச் சட்டங்களை இதிலிருந்து வெளியே எடுத்தது. அவற்றில் ஒன்று 1997 தொழில் நோக்கச் சட்டம். (இன்னொன்று நமக்கு வீட்டுமனை தரவென்று வந்த 1978 அரிசன நலச் சட்டம்!) 2019இல் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே ஆண்டு அரசு புதுச் சட்டம் போட்டு மீட்டது, 2021இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இப்படி எடுக்கும்போதும் இழப்பீடும் மறுவாழ்வும் 2013 சட்டத்தின் அட்டவணைப்படிதான் தர வேண்டும். போனது சமூகத் தாக்க ஆய்வு. அதாவது அந்த ஊரில் நிலமில்லாமல் பிழைப்பவர்கள் யார் யார் என்று முன்கூட்டியே கணக்கெடுக்கும் வேலை.

பரந்தூர்ப் பகுதிக் கிராமங்களில் நிலம் எடுக்க அரசு பிடித்துக்கொண்டதும் இந்த 1997 சட்டத்தைத்தான். 2022 முதல் ஏகனாபுரம் மக்கள் போராடுகிறார்கள். கிராம சபையில் தீர்மானம் மேல் தீர்மானம் போட்டார்கள், 2024 நாடாளுமன்றத் தேர்தலையே புறக்கணித்தார்கள்.

அரசு எடுக்காத கணக்கை நாம் எடுக்கலாம். பட்டா யார் பெயரில் என்பது அ-பதிவேட்டில் கிடைக்கும். அந்த வயலில் கூலிக்குப் போனவர் யார் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை, கூலிக்கு யாரும் ரசீது தருவதும் இல்லை. விடுமுறையில் இரண்டு பேர் ஒரு நோட்டோடு வீடு வீடாகப் போய், எந்தச் சர்வே எண், யார் வயல், எத்தனை ஆண்டு வேலை என்று எழுதி, பக்கத்து வீட்டாரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினால் ஒரு தெருவை நான்கு நாளில் முடிக்கலாம்.