திருமணச் செலவுக்கு வரம்பு: தமிழக வரலாறு

பெண்ணும் மாப்பிள்ளையும் முடிவானபின், திருமணத்திற்கு எவ்வளவு செலவு செய்வது, எந்தச் செலவை எந்த வீட்டார் ஏற்பது என்று பேசி உறுதி செய்வது தமிழர் திருமண முறையின் ஒரு பகுதியாகும். இப்பேச்சு பெரும்பாலும் நிச்சயதார்த்தத்தின்போதோ அதற்குச் சில நாள் முன்போ நடைபெறும். தென்மாவட்டங்களில் பல சமூகத்தார் நிச்சயதார்த்தத்தையே 'பரிசம் போடுதல்' என்று அழைப்பர். பணமும் பொருளும் பற்றிய பேச்சு அந்த நாளோடு எவ்வளவு ஒட்டியது என்பதற்கு இப்பெயரே சான்று.

இச்செலவுக்கு வரம்பு கட்டும் முயற்சி இக்காலத்தில் தோன்றியதன்று. கல்வெட்டு, சமூக இயக்கம், சட்டம், அரசுத் திட்டம் என வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு வழிகளில் அம்முயற்சி நடந்துள்ளது.

சங்ககாலம்

அகநானூற்றின் 86, 136 ஆம் பாடல்கள் பழந்தமிழர் திருமணத்தைக் காட்டுகின்றன. 86 ஆம் பாடலில் உளுந்து சேர்த்துச் சமைத்த உணவு, மணல் பரப்பிய பந்தல், விளக்கு, மாலை, மணமகளை நீராட்டும் நான்கு மகளிர் ஆகியவை இடம்பெறுகின்றன. 136 ஆம் பாடலில் விருந்தினருக்கு இறைச்சியும் நெய்யும் கலந்த சோறு படைக்கப்படுகிறது. இரண்டிலும் வேள்வித் தீ இல்லை, புரோகிதரும் இல்லை. பந்தலும் விருந்துமே முதன்மைச் செலவுகளாகத் தெரிகின்றன. மணமகன் வீட்டார் பெண்ணுக்காகப் பரிசப்பொருள் தரும் வழக்கத்தை வேறு சங்கப் பாடல்கள் குறிப்பிடுகின்றன.

விரிஞ்சிபுரம் கல்வெட்டு

வேலூருக்கு அருகே, பாலாற்றங்கரையிலுள்ள விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலில் 1425 ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உள்ளது. அது விசயநகர மன்னர் தேவராயர் காலத்தது. படைவீட்டு இராச்சியத்தில் வாழ்ந்த கன்னட, தமிழ், தெலுங்கு, இலாடப் பிராமணர்கள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையை அது பதிவு செய்கிறது. அன்று முதல் திருமணங்கள் கன்னிகாதானமாகவே நடக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுப்பவரும், பொன் கொடுத்து மணம் செய்பவரும் அரச தண்டனைக்கு உரியவராவர், சமூகத்திலிருந்தும் விலக்கப்படுவர்.

திருமணப் பணத்தைக் கட்டுப்படுத்த ஒரு சமூகத்தார் தாமே எழுதிக் கையொப்பமிட்ட விதி என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது. கொடுப்பவர், வாங்குபவர் இருவரையும் அது குற்றவாளியாக்கியது. ஆனால் அது தடுத்தது பெண்ணுக்காகத் தரும் பொன்னை மட்டுமே.

பரிசமும் வரதட்சணையும்

பரிச முறையில் பணம் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குச் சென்றது. வரதட்சணை முறையில் அது எதிர்த்திசையில் சென்றது. ஆங்கிலக் கல்வியும் அரசுப் பணியும் பரவியபோது, படித்து வேலையிலிருக்கும் மணமகனுக்கு மதிப்புக் கூடியது. மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் தொகையும் கூடியது. முதலில் சில சமூகங்களில் இருந்த இவ்வழக்கம் 20 ஆம் நூற்றாண்டில் பரிசம் கொடுத்து வந்த சமூகங்களுக்கும் பரவியது. செலவுச் சுமை பெண் வீட்டார் மீது விழுந்தது. நிலத்தை விற்றும் கடன் வாங்கியும் திருமணம் நடத்தும் நிலை ஏற்பட்டது.

சுயமரியாதைத் திருமணம்

பெரியார் ஈ. வெ. இராமசாமி தொடங்கிய சுயமரியாதை இயக்கம் புரோகிதர் இல்லாத, சடங்குகள் இல்லாத, சிக்கனமான திருமணத்தை வலியுறுத்தியது. 1928 இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் அவர் முன்னிலையில் இத்தகைய திருமணம் நடந்தது. மணமக்கள் உறுதிமொழி கூறி மாலை மாற்றிக்கொள்வதே இதன் முதன்மை நிகழ்வு. பல நாள் நீண்ட திருமணம் சில மணி நேரத்தில் முடிந்தது.

ஆனால் இதற்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. இத்திருமணம் செல்லாது என்று 1953 இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனால் சிக்கனமாக மணந்தவர்களின் பிள்ளைகளுடைய சொத்துரிமையே கேள்விக்குள்ளானது. முதலமைச்சர் சி. என். அண்ணாதுரை காலத்தில், 1967 இல், இந்து திருமணச் சட்டத்தில் 7அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. அது 1968 இல் நடைமுறைக்கு வந்தது. முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லுபடியாயின.

வரதட்சணைத் தடைச் சட்டம்

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961 இல் வந்தது. கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே குற்றம் என்ற நிலை, விரிஞ்சிபுரம் கல்வெட்டை நினைவூட்டுவதாகும். பின்னர் வந்த திருத்தங்களால் தண்டனை குறைந்தது 5 ஆண்டுச் சிறை என உயர்ந்தது.

கேட்காமல் தரப்படும் அன்பளிப்புகளைச் சட்டம் தடை செய்யவில்லை. ஆனால் 1985 இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, அவற்றுக்கு எழுத்துப்பூர்வமான பட்டியல் வேண்டும். பொருளின் விவரம், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவுமுறை ஆகியவை அதில் இருக்க வேண்டும். மணமகனும் மணமகளும் கையொப்பமிட வேண்டும். இப்படியொரு பட்டியல் எழுதும் வீடுகள் மிகச் சிலவே. பிற்காலத்தில் வழக்கு ஏற்படும்போது, எந்த நகை யார் போட்டது என்பதே பெரும் சிக்கலாகிறது.

மொய்

பட்டியல் எழுதாத வீடுகளிலும் மொய் நோட்டு தவறாமல் எழுதப்படுகிறது. உறவினரும் ஊராரும் தரும் பணத்தைப் பெயருடன் குறித்துவைத்து, அவர்கள் வீட்டு விசேடத்தில் திருப்பிச் செய்வர். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் சில பகுதிகளில் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே தனியாக நடத்துவர். இது ஒருவகை வட்டியில்லாக் கடன். ஆயினும் மண்டப முன்பணம், நகை, துணிமணி ஆகியவற்றுக்கு முன்னதாகவே பணம் வேண்டும். மொய் வருவது திருமண நாளில்தான். இந்த இடைவெளியை நிரப்பவே பலர் வட்டிக்கு வாங்குகின்றனர். மேலும் வந்த மொய் வருவாய் அன்று. திருப்பிச் செய்ய வேண்டிய கடமை ஆகும்.

அரசு உதவி

1989 இல் மு. கருணாநிதி ஆட்சியில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டம் தொடங்கப்பட்டது. உதவி பெறுவதற்குக் கல்வித் தகுதி நிபந்தனையாக வைக்கப்பட்டது. 2011 இல் ஜெ. ஜெயலலிதா ஆட்சியில் தொகை 25,000 ரூபாயாகவும், பட்டம் அல்லது பட்டயம் பெற்றவர்களுக்கு 50,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டு, தாலிக்கு 4 கிராம் தங்கமும் சேர்க்கப்பட்டது. 2016 இல் தங்கம் 8 கிராம் ஆனது. 2022 இல் இத்திட்டம், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி கற்கும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டமாக மாற்றப்பட்டது. திருமணத்துக்கு வைத்திருந்த பணம் படிப்புக்குச் சென்றது.

வரலாறு காட்டுவது

ஒவ்வொரு வரம்பும் ஏதேனும் ஒரு செலவைத் தடுத்தது. தடுக்கப்பட்டது வேறு பெயரில் திரும்பி வந்தது. பரிசப் பொன் விலக்கப்பட்டபின் வரதட்சணை வந்தது. வரதட்சணை குற்றமானபின் அது 'சீர்' என்றும் 'பெண்ணுக்குப் போடுவது' என்றும் வழங்கலாயிற்று. சடங்கு குறைந்த திருமணங்களிலும் விருந்து பெருகியது. இன்று சமையல்காரர் இலைக் கணக்கில் பேசுவதால், அழைப்பவர் எண்ணிக்கையே செலவின் பெரும்பகுதியை முடிவு செய்கிறது.

இன்று மணமக்கள் இருவரும் சம்பாதிக்கும் வீடுகளில், அவர்களே செலவைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கமும் தோன்றியுள்ளது. விரிஞ்சிபுரத்தில் ஒரு சமூகத்தார் கூடி எழுதியதையும், 1985 விதிகள் எழுதச் சொன்னதையும் இரு வீட்டாரும் நிச்சயதார்த்த நாளிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ள முடியும். எத்தனை இலை, எவ்வளவு கையிருப்பு, எவ்வளவு கடன், அதை யார் எப்போது அடைப்பது என்ற நான்கு வரிகள் அதில் இருந்தாலே, திருமணம் முடிந்தபின் கடன் யார் தலையில் விழும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.