தோற்றுப்போன ரீமின் இறுதிப்போட்டி: போர்த்துக்கல், 1969

1969 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை. லிஸ்பனுக்குப் பக்கத்தில் ஜாமோர் தேசிய மைதானம். போர்த்துக்கல் கிண்ண உதைபந்தாட்ட இறுதிப்போட்டி. ஒரு பக்கம் பென்ஃபிக்கா. இரண்டு தரம் ஐரோப்பியக் கிண்ணம் வென்ற, இயூசேபியோ விளையாடுகிற கழகம். மற்றப் பக்கம் அக்கடெமிக்கா. கொயிம்பிரா பல்கலைக்கழக மாணவர் சங்கத்திலிருந்து வந்த ரீம். அவ்வளவு பெரிய மட்சை அரச தொலைக்காட்சி ஒளிபரப்பவில்லை. ஜனாதிபதி அமெரிக்கோ தோமாஸும் மைதானப் பக்கம் வரவில்லை.

காரணம் இரண்டு மாதத்துக்கு முந்தினது. ஏப்ரல் 17 அன்று கொயிம்பிராவில் கணிதக் கட்டடத் திறப்புவிழா. ஜனாதிபதி வந்திருந்தார். மாணவர் சங்கத் தலைவர் அல்பெர்ட்டோ மார்ட்டின்ஸ் எழும்பி, மாணவர்கள் சார்பில் பேச அனுமதி கேட்டார். கேட்டது அவ்வளவுதான். அனுமதி கிடைக்கவில்லை, அன்றிரவே இரகசியப் பொலிஸ் அவரைக் கைது செய்தது. பிறகு வகுப்புப் பகிஷ்கரிப்பு, அதன் பிறகு பரீட்சைப் பகிஷ்கரிப்பு. பகிஷ்கரிப்பு என்றால் என்னவென்று எங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் சர்வாதிகார நாடொன்றில், பரீட்சையை விட்டால் கட்டாய இராணுவ சேவை வாசலில் நிற்கிற காலத்தில் அதைச் செய்தார்கள் என்பதைக் கவனிக்கவேணும். அங்கோலாவில் 1961 இலிருந்து காலனித்துவ யுத்தம் நடந்துகொண்டிருந்தது.

அப்போது சாலசார் பதவியில் இல்லை. 1968 இல் கதிரையிலிருந்து விழுந்ததில் தொடங்கியது அவருடைய வீழ்ச்சி என்பது வழமையாகச் சொல்லப்படும் கதை. ('கதிரை' என்பதே போர்த்துக்கீசர் எங்களிடம் விட்டுப்போன சொல்தான்.) பதவிக்கு வந்த கயெட்டானோ கொஞ்சம் இளகுவார் என்று பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்குக் கொயிம்பிரா ஒரு சோதனை.

அக்கடெமிக்கா அரையிறுதியில் ஸ்போர்ட்டிங்கை வென்றதும் விசயம் மாறிப்போனது. ஊர்வலம் போனால் அடிக்கலாம், கூட்டம் வைத்தால் தடுக்கலாம். டிக்கெட் எடுத்து மட்ச் பார்க்க வருகிறவர்களை என்ன செய்வது? சனத்தை அரசியலிலிருந்து தள்ளிவைக்க அந்த ஆட்சி ஃபாடோ, ஃபாத்திமா, ஃபுட்போல் என்ற மூன்றையும் நம்பியிருந்தது என்பார்கள். ஜாமோர் மைதானத்தையே 1944 இல் திறந்துவைத்தது சாலசார்தான். அந்த மைதானத்துக்குள்தான் மாணவர்கள் திரண்டார்கள். நாங்கள் இந்தப் போட்டியை முக்கியமாகப் பார்ப்பது இதனால்தான்: ஆட்சி தன் வசதிக்காகத் திறந்துவைத்திருந்த கதவாலேயே அவர்கள் உள்ளே போனார்கள்.

வீரர்கள் மாணவர்களின் பாரம்பரியக் கறுப்பு மேலங்கியைத் தோளில் போட்டபடி, செத்தவீட்டுக்குப் போவதுபோல மெதுவாக நடந்து மைதானத்துக்குள் வந்தார்கள். பார்வையாளர் பக்கத்தில் பதாகைகள் எழும்பின. சுதந்திரப் பல்கலைக்கழகம் வேண்டும், நல்ல கல்வி கூட வேண்டும், பொலிஸ் குறைய வேண்டும். மட்ச் பார்க்க வந்த சாதாரண பென்ஃபிக்கா ரசிகர்களும் இதையெல்லாம் வாசித்தார்கள். பத்திரிகைத் தணிக்கை இருந்த நாட்டில் இது சின்ன விசயமில்லை.

ஆட்டத்தில் 81 ஆவது நிமிடத்தில் மனுவல் அன்டோனியோ கோல் அடித்து அக்கடெமிக்காவை முன்னுக்குக் கொண்டுவந்தார். நாலு நிமிடத்தில் சிமோயிஸ் சமன் செய்தார். மேலதிக நேரத்தில் இயூசேபியோ அடித்தார். 2–1, கிண்ணம் பென்ஃபிக்காவுக்கு.

இயூசேபியோ மொசாம்பிக்கில் பிறந்தவர். அந்த மண்ணிலும் அதே அரசு யுத்தம் நடத்திக்கொண்டிருந்தது. மாணவர்களின் ரீமைத் தோற்கடித்த கோல் காலனியிலிருந்து வந்தவரின் காலால் விழுந்தது. இந்தக் கதையைச் சும்மா வீரக்கதையாகச் சொல்கிறவர்கள் இந்த இடத்தை விறுவிறென்று கடந்துவிடுகிறார்கள். யாருக்காகச் சுதந்திரம் கேட்கிறோம் என்ற கேள்வி மேலங்கி போட்டவர்களையும் விடாது.

அந்த வருடமே மாணவர் தலைவர்கள் உட்பட 49 பேரைத் தண்டனையாக இராணுவத்தில் சேர்த்தார்கள். கல்வி அமைச்சர் சரைவா 1970 ஜனவரியில் பதவி இழந்தார். 1974 ஏப்ரல் 25 இல் ஆட்சியைக் கவிழ்த்தது இராணுவம்தான். அதை அந்த 49 பேரின் கணக்கில் எழுதமுடியாது. கப்டன்மார் தொடங்கியது தங்கட பதவியுயர்வுப் பிரச்சினையில்தான். ஆனாலும் கேள்வி கேட்ட பெடியங்களைப் பிடித்து, யுத்தத்தில் களைத்துப்போன இராணுவத்துக்குள்ளேயே கொண்டுபோய் விட்டது அந்த அரசு.