நொத்தாரிசு வேறு, லோயர் வேறு

ரொக்ஸ்பரோவில் முதல் வீடு வாங்க வெளிக்கிட்டபோது ஸ்காபரோவில் இருக்கும் மச்சானிடம்தான் யோசனை கேட்டோம். "முதலில நல்ல லோயர் ஒருத்தரைப் பிடியுங்கோ" என்றார். பிடித்தோம். அவர் கடதாசிகளைப் பார்த்துவிட்டு, இதற்கு நொத்தாரிசிடம் போங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். நொத்தாரிசு முத்திரை குத்துகிறவர்தானே, வீடு எழுத அவருக்கு என்ன தெரியும் என்று யோசித்ததிலேயே இரண்டு கிழமை போனது. மச்சானில் பிழையில்லை. ஒன்ராறியோவில் வீடு எழுதுவது லோயர்தான்.

ஊரில் எங்களுக்கு இந்தக் குழப்பம் இருக்கவில்லை. கோட்டில் வாதாடுகிறவர் அப்புக்காத்து, வழக்கைத் தயார்செய்கிறவர் பிரக்கிராசி, காணி உறுதி முடிக்கிறவர் நொத்தாரிசு. 1973ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் முதல் இருவரையும் ஒன்றாக்கி 'அற்றோணி அற் லோ', அதாவது சட்டத்தரணி, என்று பெயர் வைத்தது. நொத்தாரிசின் வேலை மாறவில்லை. காணி விற்பனை நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் எழுதப்பட வேண்டும் என்பது இலங்கையில் 1840ஆம் ஆண்டுச் சட்டம். மூல உறுதி எங்களுக்கு, ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்கு, இன்னொன்று நொத்தாரிசின் அலுமாரிக்கு.

கியூபெக்கின் நொத்தாரிசு, பிரெஞ்சில் நோத்தேர், இந்த ஊர் நொத்தாரிசுக்குத்தான் கிட்டத்து உறவு. பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். நொத்தாரிசுகளுக்கென்று இருக்கும் சபையின் உறுப்பினர். வீட்டுக் கடனுக்கான ஈட்டுப் பத்திரம், திருமண ஒப்பந்தம் இரண்டும் அவர் முன்னால் எழுதினால்தான் செல்லும். அவர் எழுதிய மரண சாதனத்தை, ஆள் இறந்த பிறகு கோட்டுக்குக் கொண்டுபோய் உறுதிப்படுத்தத் தேவையில்லை. வாங்குகிறவர், விற்கிறவர் என்று பாராமல் இரண்டு பக்கத்துக்கும் விளங்கப்படுத்துவது அவர் கடமை. ஆனால் சண்டை என்று வந்து வழக்கு நடந்தால் அவர் வாதாட முடியாது. அதற்கு அவோகா வேண்டும். இங்கே லோயர் என்பது அவரைத்தான்.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் 'நோட்டரி' என்றால் அது பெரும்பாலும் வேறு ஆள். அங்கே பல மாநிலங்களில் சட்டம் படிக்காதவரும் கையெழுத்துக்குச் சாட்சியாக அந்த முத்திரையை வைத்திருக்கலாம்.

அந்த வேலைக்கு இங்கே கிட்டவாக நிற்பவர் சத்திய ஆணையாளர், 'கொமிஷனர் ஒவ் ஓத்ஸ்'. ஊரில் ஜே.பி.யிடம் போய்ச் சத்தியக் கடதாசி முடிப்போமே, அதுபோல. நீங்கள் சத்தியம் செய்து கையெழுத்திட்டதை மட்டும் அவர் உறுதிப்படுத்துகிறார். எழுதியிருப்பது உண்மையா என்று பார்ப்பது அவர் வேலையல்ல. மூலப்பிரதிக்குச் சரியான நகல் என்று அத்தாட்சிப்படுத்தவும் கியூபெக்கில் அவருக்கு அதிகாரமில்லை. எங்களில் ஒருவர் காணி விற்க அற்றோணித் தத்துவத்தை இப்படியான ஒருவரிடம் முடித்து ஊருக்கு அனுப்பினார். உறுதி எழுதவிருந்த நொத்தாரிசு அதை ஏற்கவில்லை. கையெழுத்து வைக்கமுதல், யார் முன்னால் வைக்க வேண்டும் என்று ஊர் நொத்தாரிசிடமே கேட்டுவிடுவது நல்லது. அற்றோணித் தத்துவத்தில் வரும் 'அற்றோணி' லோயர் அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். உங்களுக்காகச் செயற்பட நீங்கள் நியமிக்கும் ஆள், அவ்வளவுதான். தம்பியாகவும் இருக்கலாம்.

இதெல்லாம் காசும் நேரமும். அகதிக் கோரிக்கையில் சொல் பிழைத்தால் போவது வேறு.

குடிவரவு விடயத்தில் காசு வாங்கிக்கொண்டு உங்களுக்காக நிற்கச் சட்டம் அனுமதிப்பது சிலரைத்தான்: மாகாணச் சட்டச் சங்கங்களின் உறுப்பினர்கள், கியூபெக் நொத்தாரிசுகள், உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர்கள். ஆலோசகர்களுக்கென 2021 நவம்பரில் தனிக் கல்லூரி தொடங்கியது. பெயர்தான் கல்லூரி, வேலை உரிமம் கொடுப்பதும் கட்டுப்படுத்துவதும். ஆலோசகர் லோயர் அல்ல. அகதிச் சபை முன்னால் நிற்க அவருக்குத் தனி வகுப்பு உரிமம் வேண்டும். 'கொன்சல்ரன்' என்று கார்ட் அடித்து வைத்திருப்பவரிடம் அந்த இலக்கத்தைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். வருமானம் குறைந்தவர்கள் கியூபெக்கில் சட்ட உதவி மூலம் லோயர் பெற விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல் நகை அடகு வைத்த குடும்பங்கள் எங்களுக்குத் தெரியும்.

'இன்ரர்பிரெற்றர்', 'ட்ரான்ஸ்லேற்றர்' என்ற இரண்டையும் நாங்கள் மொழிபெயர்ப்பாளர் என்று ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். முதலாமவர் விசாரணையில் வாயால் சொல்கிறவர், ஊர்க் கோட்டில் முதலியார் செய்த வேலை. மற்றவர் பிறப்புப் பத்திரம் போன்றவற்றை எழுத்தில் பெயர்த்து ஒப்பமிடுகிறவர். நன்றாகக் கதைக்கிறார் என்பதற்காகத் தெரிந்த தம்பியிடம் பத்திரத்தைக் கொடுத்தால் அது திரும்பி வரக்கூடும். படிவத்தில் உங்கள் கதையை எழுதித் தந்தவர் யாராயிருந்தாலும், கையெழுத்துக்கு முன் முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆவணி எத்தனையாவது மாதம் என்று எண்ணிப் பிழைவிட்டவர்கள் உண்டு. படிவத்தில் ஒரு திகதி, வாயில் இன்னொரு திகதி என்றால் அங்கே முதலில் சந்தேகிக்கப்படுவது சொன்னவர்தான்.

கியூபெக்கில் லோயருக்கும் நொத்தாரிசுக்கும் பெயருக்கு முன்னால் 'மேத்ர்' என்ற ஒரே பட்டம்தான் போடுவார்கள். ஆகவே பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அவர் பாரோவின் உறுப்பினரா, நொத்தாரிசுச் சபையின் உறுப்பினரா என்று கேளுங்கள். இரண்டின் பட்டியலும் இணையத்தில் இருக்கிறது. பெயரைப் போட்டுப் பார்க்கக் காசில்லை.