கொசுப் பெருக்கமும் கணித மாதிரிகளும்: ஒரு விளக்கம்

கேரளத்தின் முதல் ஜிகா தொற்று, விழிஞ்ஞம் அமைந்துள்ள திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2021 ஜூலையில் பதிவானது. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசுக்களை முற்றிலும் ஒழிப்பது அரிது. அதற்குத் தேவையுமில்லை என்கிறது கணிதம்.

செகந்திராபாதில் 1897-ல் கொசுவின் உடலில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டறிந்த ரொனால்ட் ராஸ், கொசுக்களின் எண்ணிக்கை குறிப்பிட்ட வரம்புக்குக் கீழ் குறைந்தாலே நோய்ப்பரவல் அடங்கிவிடும் என்பதைப் பின்னர் சமன்பாடுகளால் நிறுவினார்.

கொசுவின் ஆயுளே முதன்மைக் காரணி என்று 1950-களில் ஜார்ஜ் மெக்டொனால்ட் காட்டினார். உடலுக்குள் கிருமி முதிரும் முன்பே கொசு இறந்தால் தொற்று பரவாது.

ஏடிஸ் கொசுவுக்கும் இக்கோட்பாடு பொருந்தும். வெப்பமான சூழலில் அதன் முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகும். எனவே, வாரந்தோறும் தேங்கிய நீரை அகற்றினால் கொசுப் பெருக்கம் அவ்வரம்பை நோக்கி இறங்கும்.