மெலிவு நாடிய மருந்துகள்

திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரம் பெரிதும் உணவின் அளவையே பேசுகிறது. அவ்வளவைக் குறைப்பதற்கே மருந்து தேடும் நிலை இருபதாம் நூற்றாண்டில் தோன்றியது. அத்தேடலின் வரலாறு கண்ணீர் கலந்தது.

முதல் உலகப் போரின்போது, பிரான்சின் வெடிமருந்து ஆலைகளில் டைநைட்ரோபீனாலைக் கையாண்ட தொழிலாளர் வியர்த்து மெலிந்தனர். சிலர் கடுங்காய்ச்சல் கண்டு மாண்டனர். இவ்வெச்சரிக்கை இருந்தும், 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதனை மெலிவு மருந்தாக அறிமுகப்படுத்தினர். உடல் தன் கொழுப்பை வெப்பமாக எரித்தது, எடையும் குறைந்தது. ஆனால் 1935இல், அதனை உட்கொண்ட இளம்பெண்களின் கண்களில் புரை படர்ந்த செய்தி வெளிவந்தது. 1938ஆம் ஆண்டுச் சட்டம் அதன் விற்பனைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. விற்பனைக்கு முன்பே மருந்தின் பாதுகாப்பை மெய்ப்பிக்க வேண்டும் என்ற நெறியும் அச்சட்டத்தாலேயே பிறந்தது.

பசியடக்கும் பென்புளூரமின், இதய வால்வுகளைக் கெடுப்பது தெரிந்து 1997இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. 2002இல் சிங்கப்பூரில் விற்பனையான 'சிலிம் 10' மாத்திரையில் அதன் மாற்றுருவம் மறைந்திருந்தது. அதனை உண்டோரில் ஒருவர் கல்லீரல் செயலிழந்து இறந்தார். மற்றொருவர் மாற்றுக் கல்லீரலால் உயிர் பிழைத்தார்.

இன்றைய ஊசி மருந்தின் கதை வேறு. ஹீலா என்னும் நச்சுப்பல்லியின் நஞ்சில் ஜான் எங் என்பவர் 1992இல் கண்ட பொருள், 2005இல் நீரிழிவு ஊசியாயிற்று. அதே வழியில் செயற்படும் செமாகுளுடைடு 2021இல் அமெரிக்காவில் உடற்பருமனுக்கு ஒப்புதல் பெற்றது. இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, மூளைக்கு நிறைவை உணர்த்துவது இதன் இயல்பு. குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் ஆகியவை பலருக்கும் நேர்வன. பித்தப்பைக் கற்களும், அரிதாகக் கணைய அழற்சியும் தோன்றலாம். கொழுப்போடு தசையும் குறையும். ஊசியை நிறுத்தினால் எடை பெரும்பாலும் மீளும். எலிகளில் தைராய்டுக் கட்டிகள் காணப்பட்டமையால், குறிப்பிட்ட வகைத் தைராய்டுப் புற்றுநோய் கண்ட குடும்பத்தினர் இதனைத் தவிர்க்க வேண்டும் என அறிவுறுத்தப்படுகின்றனர்.

இத்தீங்குகளுள் பல மருந்தோடு வரும் தாளில் அச்சிடப்பட்டுள்ளன. 1933இல் மருந்துண்டவர்க்கு அத்தகைய காப்பு இல்லை. பார்வை இழந்தோரும் உயிர் நீத்தோரும் பின்வந்தோர்க்கு விட்டுச்சென்ற சொத்து அத்தாள். மருத்துவரை நாடாமல், பெயரறியா வணிகரிடம் மலிவு கருதி ஊசி வாங்குவோர் அச்சொத்தைத் துறந்து, மீண்டும் 1933ஆம் ஆண்டிலேயே போய் நிற்கின்றனர்.