முன்னச்சின் ஆட்டமும் மாற்றுப் பாகத் தேர்வும்: 2003–2008 டாட்ஜ் ராம் 2500, 3500 வண்டிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. எல்லை

அமெரிக்காவில் பிக்கப் வண்டிகளை மொத்த எடை வரம்பைக் கொண்டு வகுப்பார்கள். 8,501 பவுண்டு முதல் 10,000 வரை 2பி வகுப்பு; 10,001 முதல் 14,000 வரை மூன்றாம் வகுப்பு. ‘ஹெவி டியூட்டி’ என்று விற்பனையாவன பெரும்பாலும் இவ்விரண்டுமே. அவற்றுள் 2003 முதல் 2008 வரை வந்த, நான்கு சக்கர இயக்கமும் கம்மின்ஸ் டீசல் எஞ்சினும் உள்ள ராம் வண்டிகளின் முன்பக்கத்தை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அந்த எஞ்சின் ஏறத்தாழ அரை டன் எடை. அது முழுவதும் முன்னச்சின் தலையில் இறங்குகிறது என்பதை மறந்துவிட்டு எந்தப் பாகத்தையும் வாங்க முடியாது.

2. அமைப்பு

இவ்வண்டிகளின் முன்னச்சு ஒரே உருப்படியான கனத்த அச்சு. இரு முனையிலும் சக்கரங்கள். மேலே சுருள்வில். அச்சு முன்பின் நகராமல் நான்கு கைகள் பிடித்துக்கொள்கின்றன. பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது ஒன்றே ஒன்று: ட்ராக் பார் எனப்படும் குறுக்குத் தண்டு. அதன் ஒரு முனை ஓட்டுநர் பக்கச் சேசிஸில், மறுமுனை எதிர்ப்பக்க அச்சில்.

ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து புறப்படும் தண்டும் (இதை இழுதண்டு என்போம்) ஏறக்குறைய இதே சாய்வில் செல்கிறது. தற்செயல் அல்ல இது. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது இரண்டும் ஒரே வில்லில் அசைந்தால்தான் கையிலுள்ள ஸ்டீயரிங் தானாகத் திரும்பாது. வண்டியை உயர்த்தும் ‘லிஃப்ட் கிட்’ பொருத்தியவர்கள் இரண்டில் ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டு, மேடுபள்ளத்தில் வண்டி தன்னிச்சையாக விலகுகிறது என்று குறைபடுவது இதனால்தான்.

3. நோயறிதல்

மணிக்கு 80, 90 கி.மீ. வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் முன்பக்கம் முழுவதும் உதறத் தொடங்கும். வேகத்தைக் கிட்டத்தட்ட நிறுத்தும் அளவுக்குக் குறைத்தால்தான் அடங்கும். உரிமையாளர்கள் இதற்கு இட்ட பெயர் ‘மரண உதறல்’. பெயர் மிகையென்று தோன்றினால், ஒருமுறை அனுபவித்தவரைக் கேட்டுப் பாருங்கள். டயர், சமநிலை, அலைன்மென்ட் எல்லாம் இதைத் தூண்டலாம். நிலைக்கவைப்பது எங்கோ உள்ள ஆட்டம்.

அதைக் காண இருவர் வேண்டும். சக்கரங்கள் தரையில் இருக்க, எஞ்சின் ஓட, ஒருவர் ஸ்டீயரிங்கைச் சிறிதளவு இடமும் வலமும் விடாமல் அசைக்க வேண்டும். மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். தண்டு அசைந்து அதன் முனை அசையத் தாமதித்தால் அங்கே பழுது. குறுக்குத் தண்டின் போல்ட் தன் துளைக்குள்ளேயே நகர்ந்தால் புதுத் தண்டு வாங்கியும் பயனில்லை, துளையே நீள்வட்டமாகியிருக்கும்.

பிறகு ஜாக்கியில் தூக்கி, டயரின் அடியில் கடப்பாரையை விட்டு நெம்ப வேண்டும். நக்கிளுக்கும் (சக்கரத்தோடு திரும்பும் அச்சு முனைப் பகுதி) அச்சுக்கும் இடையே அசைவு தெரிந்தால் பால் ஜாயின்ட்; ஹப்புக்கும் நக்கிளுக்கும் இடையே தெரிந்தால் பேரிங். இந்த வேறுபாட்டைக் கவனியாமல் நல்ல பால் ஜாயின்ட்களைக் கழற்றி எறிந்தவர்கள் ஏராளம்.

4. தேர்வு

கடையில் சிவப்பு வண்ணம் பூசி அடுக்கியிருக்கும் தடித்த பாகங்களைப் பார்த்தால் அவற்றையே வாங்கத் தோன்றும். என் வாதம் இதற்கு எதிரானது. ஒரு மூட்டை மட்டும் அளவுமீறி வலுப்படுத்தினால் விசை மறைந்துவிடாது. அடுத்த மெலிந்த இடத்துக்குப் போகும். உறுதியான டை ராட் (இரு சக்கரங்களையும் இணைத்துத் திருப்பும் தண்டு) போட்டபின் தளரத் தொடங்குவது ஸ்டீயரிங் பாக்ஸின் தண்டு. ஆகவே வலுவைக் காட்டிலும் பொருத்தமே அளவுகோல்.

ஸ்டீயரிங் இணைப்பில் ஒரு தெளிவான முடிவு உண்டு. தொடக்க மாடல்களில் இழுதண்டு எதிர்ப்பக்கச் சக்கரம் வரை செல்லும். டை ராட் அதன் நடுவே வந்து இணையும், ‘ஒய்’ எழுத்து போல. அச்சு ஏறி இறங்கும்போது சக்கரங்களின் உள்நோக்கிய கோணமும் மாறும். டயர் ஓரம் தேயும். பின்னர் நிறுவனமே ‘டி’ வடிவத்துக்கு மாறியது: டை ராட் சக்கரத்திலிருந்து சக்கரத்துக்கு நேராக ஓட, இழுதண்டு அதன்மேல் வந்து சேர்கிறது. இதைப் பழைய வண்டிகளிலும் முழுத் தொகுப்பாகப் பொருத்தலாம். டை ராட் தன் அச்சில் சற்றே உருளுவதால் ஸ்டீயரிங்கின் நடுவில் சிறு சோம்பல் தெரியும். டயர் தேய்வதோடு ஒப்பிட்டால் அது பொறுக்கத்தக்கதே.

பால் ஜாயின்ட்டில் கேள்வி வேறு: கிரீஸ் நிப்பிள் உள்ளதா, மூடியதா? நிப்பிள் உள்ளது மேல் என்பது பொதுநம்பிக்கை. தவறாமல் கிரீஸ் அடிப்பவருக்கு அது உண்மை. புதுக் கிரீஸ் நீரையும் அழுக்கையும் வெளியே தள்ளும். மிச்சிகன், ஒஹையோ போலக் குளிர்காலச் சாலைகளில் உப்பு இறைக்கும் இடங்களில் இது பெரிய லாபம். அடிக்காதவருக்கு மூடிய ஜாயின்ட்டே நல்லது.

புஷ்ஷில் ரப்பருக்கே என் வாக்கு. பாலியூரித்தேன் நீண்டநாள் உழைக்கும். ஆனால் கிரீஸ் வற்றினால் கிறீச்சிடும், சாலையின் அதிர்வையெல்லாம் உள்ளே கொண்டுவரும்.

5. பொருத்துதல்

நல்ல பாகமும் பொருத்துவதில் கெட்டுப்போகும். உலோகத்தோடு ஒட்டிய ரப்பர் புஷ் முறுக்கத்தால் வேலை செய்வது. அச்சு தொங்கும்போதே போல்ட்டை இறுக்கினால், வண்டி தரையில் நின்றதும் ரப்பர் எந்நேரமும் முறுக்கிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும். சக்கரங்கள் தரையில் ஊன்றியபின்பே இறுதி முறுக்கு. ஸ்பிளிட் பின் துளை ஒத்துவருவதற்காக நட்டை ஒருபோதும் பின்னோக்கித் தளர்த்தக் கூடாது. முன்னோக்கியே நகர்த்த வேண்டும். சாய்கோணத்தை (காஸ்டர்) கீழ்க்கைகளின் கேம் போல்ட்டிலும், சக்கரங்களின் உள்நோக்கிய கோணத்தை டை ராட்டிலும் சரிசெய்ய வேண்டும்.

டை ராட் முனைகளின் கோணத்தில் அலட்சியம் வேண்டாம். 2013 நவம்பரில் கிறைஸ்லர் நிறுவனம் இந்த மாடல்கள் உட்பட ஏறத்தாழ 12 லட்சம் ராம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஓட்டுநர் பக்க டை ராட் முனை கோணம் தவறி அமைந்தால் அதன் பந்துத் தண்டு முறியக்கூடும் என்பதே காரணம். பழைய வண்டி வாங்குவோர் அந்தத் திரும்ப அழைப்பு வேலை முடிந்ததா என்று வாகன அடையாள எண்ணைக் (VIN) கொண்டு முதலில் விசாரிக்க வேண்டும்.

ஸ்டீயரிங்கின் அதிர்வைத் தணிக்கும் டாம்பருக்கு இங்கே தனிப்பிரிவு இல்லை. மறந்துவிடவில்லை. புது டாம்பர் உதறலைச் சில மாதம் மறைக்கும். தேய்ந்த மூட்டு அந்த மாதங்களிலும் தேய்ந்துகொண்டே இருக்கும். டாம்பரை வாங்குவதானால் கடைசியில் வாங்குங்கள்.