மரிச்சுக்கட்டியின் மூன்றாம் குவியல்

மன்னாருக்குத் தெற்கே, முசலிக் கரையில் இருக்கிறது மரிச்சுக்கட்டி. 1905இல் அங்கே நடந்த முத்துச் சலாபத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஓர் எண்ணைச் சொல்லாமல் விடுவதில்லை: 81,580,716 சிப்பிகள். எட்டுக் கோடியே பதினைந்து இலட்சத்துச் சொச்சம். கடைசி 716 வரைக்கும் யார்தான் எண்ணினார்கள் என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். ஒருநாள் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தேன்.

இலக்கங்களைக் கூட்டினால் 36. ஆகவே 9ஆலும் வகுபடும், 3ஆலும் வகுபடும். முழுக்கப் பிரித்தால் இரண்டு 2, மூன்று 3, ஒரு 7, ஒரு 31, இரண்டு 59. அப்ஜத் கணக்குப் பார்க்கிறவங்க அந்த இரட்டை 59இல் ஏதாவது காணலாம். எனக்கு 3 போதும்.

ஏனென்றால் சலாபத்தின் வழக்கமே மூன்றில்தான் நின்றது. படகு கரை சேர்ந்ததும் கோட்டுக்குள் சிப்பிகளைக் கொட்டி, குளிகாரரே மூன்று சமக் குவியலாய்ப் பிரிக்க வேண்டும். எது தமக்கு வரும் என்று தெரியாததால் பிரிப்பதில் கள்ளம் செய்ய வழியில்லை. அதிகாரி ஒன்றைக் காட்டுவார், அது குளிகாரருக்கு. மற்ற இரண்டும் அரசுக்கு. அரசின் பங்கைத்தான் எண்ணி, ஆயிரம் ஆயிரமாய் ஏலம் விட்டார்கள். குளிகாரரோ தம் பங்கை வாசல் தாண்டியதுமே சில்லறையாய் விற்றுவிடுவார்கள். படகுக்காரருக்கும் கயிறு பிடிக்கிறவருக்கும் அதிலிருந்துதான் கொடுக்க வேணும்.

அப்படியானால் 'மொத்தம்' என்பது அரசின் எண்ணிக்கையோடு அதில் பாதியைக் கூட்டிய கணக்காகத்தான் இருக்க வேண்டும். அவ்வாறு வந்த எண் 3ஆல் வகுபடும். அரசின் எண்ணிக்கை ஒற்றைப்படையாய் இருந்து அரைச் சிப்பியை விட்டுவிட்டால் ஒன்று மிஞ்சும். இரண்டு மிஞ்சாது. 1904இன் 41,039,085உம் 1906இன் 67,150,641உம் சரியாக வகுபடுகின்றன. 1903இன் 41,180,137இல் ஒன்று மிஞ்சுகிறது. நாலே எண்களை வைத்து நிரூபணம் என்று சொல்ல மாட்டேன், தற்செயலாயும் இப்படி வரலாம். ஆனால் வழக்கத்தோடு கணக்கு முரண்படவில்லை.

இது வெறும் எண் விளையாட்டு இல்லை. அந்த 1905இல் அரசுக்குக் கிடைத்தது 2,510,727 ரூபாய். அதை எட்டுக் கோடிச் சிப்பிக்குப் பங்கிட்டால் ஆயிரம் சிப்பி சுமார் 31 ரூபாய். அரசு விற்ற 54,387,144 சிப்பிக்கு மட்டும் பங்கிட்டால் சுமார் 46. முதல் கணக்கைப் போடுகிறவர் தம்மை அறியாமலே குளிகாரரின் சிப்பியையும் அரசின் பெட்டிக்குள் போட்டுவிடுகிறார். கீழக்கரைச் சோனகர், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபிகள், பரதவர் எல்லாருமாக மூச்சடக்கி எடுத்ததில் அவங்கட பங்கு 27,193,572. அவை என்ன விலைக்குப் போயின என்பது அந்த 2,510,727 ரூபாய்க்குள் இல்லை.

1906இல் பார்கள் 20 ஆண்டுக் குத்தகையாக லண்டன் கம்பெனி ஒன்றின் கைக்குப் போயின, ஆண்டுக்கு 310,000 ரூபாய். 1907க்குப் பிறகு நெடுங்காலம் அங்கே சலாபமே நடக்கவில்லை.